அண்டங்காக்கைக்கு ஒரு மகுடம்: பூட்டானில் ஏழு நாள்

நாள் 1, ஜெய்காவ்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, நெஞ்சில் உலக நாடுகளின் கொடி அடித்த டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. பிரிண்டிங் என் பொறுப்பு. ஜப்பான் கொடி அரை நாளில் முடிந்தது. பூட்டான் கொடி எங்களைப் படாத பாடு படுத்தியது. குறுக்கே பிரித்த இரண்டு நிறம், அதன் மேல் செதில் செதிலாக ஒரு வெள்ளை டிராகன், காலில் நகம், நகத்தில் உருண்டை. எல்லாம் சரியாக வந்தது என்று நினைத்தால், யாரோ படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். டிராகன் கொடிக்கம்பத்தின் பக்கம் பார்க்க, மொத்தமும் திரும்பி வந்தது. அதில் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். இந்த டிராகனை ஒருநாள் அதன் ஊரிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. அந்த டி-ஷர்ட் இப்போது என் பையில் இருக்கிறது.

மேற்கு வங்கத்து பாக்டோக்ராவில் விமானம் இறங்கி, எல்லை ஊரான ஜெய்காவுக்குக் காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் தேயிலை. வால்பாறையில் மலைமேல் பார்த்துப் பழகிய தேயிலை இங்கே சோளக்காடு மாதிரி சமதரையில் நிற்கிறது. இந்தப் பகுதிக்கு துவார்ஸ் என்று பெயர். நம் கோயில் துவாரபாலகர் பெயரில் இருக்கிற அதே துவாரம்தான். பூட்டான் மலைக்குள் ஏறும் வாசல்கள். 1864-65ல் பிரிட்டிஷாரோடு நடந்த போரில் பூட்டான் இந்த வாசல்களை இழந்தது. அந்தப் போரில் பூட்டான் படையை நடத்தியவரின் தலைக்கவசத்தைப் பற்றி நாள் 4ல் எழுதுகிறேன்.

நாள் 2, திம்பு

ஜெய்காவில் ஆரன் சத்தம். எல்லை வாசலைத் தாண்டி, பூட்டான் பக்கத்து ஃபுன்ஷோலிங்கில் கால் வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தோம். வாக்காளர் அட்டையைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கினோம். இந்தியர்களுக்கு ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1200 ரூபாய் வரி. பணத்தைக் கட்டும்போது கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை.

எங்கள் வழிகாட்டி சின்னப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை வரும் கோ உடை, கறுப்பு நீள சாக்ஸ். "குசுசாங்போ லா" என்று கும்பிட்டான். அப்புறம் பேசிய ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு "லா". இந்தி பேசினாலும் லா, இங்கிலீஷ் பேசினாலும் லா. அது மரியாதைக்கு ஒட்டுவது என்றான். எங்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வாங்க, சரிங்க, இல்லீங்க என்று எல்லாவற்றிலும் "ங்க" போடும் கொங்குநாட்டுக்காரனுக்கு லா புரியாதா? என் மனைவி பத்து நிமிடத்தில் "டீ வேணுங்க லா" என்று ஆரம்பித்துவிட்டாள்.

மலை ஏற ஏறப் பனிமூட்டம். மனைவிக்குத் தலைசுற்றி, இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினோம். இன்றைக்கு வேறு எதுவும் எழுத இல்லை.

நாள் 3, திம்பு

காலையில் மோத்திதாங்கில் தாக்கின் பார்க்கப் போனோம். பூட்டானின் தேசிய விலங்கு. புலி, சிங்கம், கழுகு என்று பல நாடுகள் மிடுக்கான மிருகமாகப் பார்த்துப் பிடித்து வைத்திருக்க, இவர்கள் தேர்ந்தெடுத்தது மாட்டு உடம்பில் ஆட்டு முகத்தை ஒட்டினாற்போல ஒன்று. மூக்கு வீங்கின மாதிரி இருக்கிறது. என் மனைவி பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதை அவசரத்துல செஞ்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

கதையும் அதேதான். ட்ருக்பா குன்லே என்று ஒரு பித்தர். பதினைந்தாம் நூற்றாண்டில் பிறந்தவர், நம் சித்தர்கள் மாதிரி ஆசாரத்தையெல்லாம் கிண்டல் செய்தவர். அற்புதம் காட்டு என்று ஊர்மக்கள் கேட்க, முதலில் சாப்பாடு போடுங்கள் என்றாராம். ஒரு முழு மாடு, ஒரு முழு ஆடு தின்று முடித்து, ஆட்டின் தலையை எடுத்து மாட்டின் எலும்புக்கூட்டில் செருகி, எழுந்து போய் மேய் என்றாராம். அது எழுந்து மேயப் போய்விட்டது. இன்னொரு கதை நம் காலத்தது. இவற்றை அடைத்து வைத்திருந்த சின்ன மிருகக்காட்சிசாலையை, பௌத்த நாட்டில் மிருகத்தை அடைத்து வைப்பது சரியில்லை என்று அரசர் கலைக்கச் சொன்னார். அவிழ்த்து விட்டால் அவை காட்டுக்குப் போகவில்லை. திம்பு தெருவில் தீனி தேடிச் சுற்றின. வேறு வழியில்லாமல் வேலி போட்டு இந்த இடத்தை ஒதுக்கினார்கள்.

நம் தமிழ்நாட்டு விலங்கு வரையாடு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது ரோட்டோரம் நிற்கும், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அதற்கு இப்படி ஒரு கதை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தேசியச் சின்னம் என்றால் ஒரு மார்க் கேள்வி. மயில், தாமரை, ஆலமரம் என்று எழுதினால் முடிந்தது.

அடுத்து துணிக்கடை. வந்த வேலையே அதுதானே. கோ என்பது கணுக்கால் வரை நீளும் அங்கி. அதை முழங்காலுக்குத் தூக்கி, முதுகுப்பக்கம் இரண்டு மடிப்பு வைத்து, இடுப்பில் கேரா என்ற பட்டையால் இறுக்குகிறார்கள். தூக்கியதில் மிச்சமாகும் துணி வயிற்றுக்கு மேல் பெரிய பையாகத் தொங்கும். முன்பெல்லாம் சாப்பாட்டுக் கிண்ணமும் கத்தியும் அதில் இருக்கும். எங்கள் வழிகாட்டிப் பையனின் பையிலிருந்து போன், பாக்குப் பொட்டலம், எங்கள் அனுமதிச் சீட்டு எல்லாம் வந்தன. நம் ஆட்கள் வேட்டி மடிப்பில் பணத்தையும் பொடி டப்பியையும் செருகுவது இதோடு ஒப்பிட்டால் சின்னக் கை.

பெண்கள் உடுத்துவது கீரா. அது வருவது, இடுப்பில் பட்டை கட்டி, முதுகை அதில் சாய்த்து நெய்கிற தறியிலிருந்து. தறிக்காரியின் உடம்பே தறியில் ஒரு பாகம். கிழக்கே லுன்ட்சே பக்கத்து கிஷுதாரா பட்டுத்துணியைக் காட்டினார்கள். பூவேலை துணிக்கு மேல் தைத்தது போலத் தெரிகிறது, ஆனால் ஊடையோடு சேர்த்தே கையால் கோத்தது. ஒன்று முடிக்க மாதக் கணக்கில் ஆகும். விலை கேட்டு, தொட்ட கையை எடுத்துவிட்டோம். தினசரி உடுத்துவதற்கு எந்திரத் தறித் துணி, அதில் நிறைய இந்தியாவிலிருந்து வருவது. அதைத் தேய்த்துப் பார்த்ததில் சாயம் கொஞ்சம் கையில் வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

பையிலிருந்த டி-ஷர்ட்டை இந்த இடத்தில்தான் எடுத்தேன். கதையைச் சொல்லி, நாளைக்குப் போட்டுக்கொள்ளவா என்று பையனிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் முகம் லேசாக மாறியது. கொடி தரையில் படக் கூடாது, ஆள்மேல் போர்த்தக் கூடாது, அதன் உருவத்தை வேறு பொருளில் பதிக்கக் கூடாது என்று 1972லேயே விதி இருக்கிறது என்றான். வேண்டாம் லா, என்று மெதுவாகத்தான் சொன்னான். டி-ஷர்ட் பையின் அடியில் போனது.

மதியம் சாங்லிமிதாங் மைதானத்தில் வில்வித்தை. தேசிய விளையாட்டு. இலக்குக்குத் தூரம் சுமார் 145 மீட்டர். ஒலிம்பிக்கில் 70 மீட்டர்தான். அவ்வளவு தூரத்தில் அந்தப் பலகை தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. அதை விடப் பயம், எதிரணி ஆட்கள் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று எய்பவனைக் கேலி செய்து பாடுகிறார்கள். அம்பு வருவதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். பட்டுவிட்டால் அந்த அணி கூடி நின்று ஆடும். அடித்தவன் இடுப்பில் ஒரு வண்ணத் துணியைச் செருகிக்கொள்வான். ஒருவர் இடுப்பில் நாலைந்து துணி தொங்கியது, மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் துணி கட்டினது போல. வில் மட்டும் மூங்கில் இல்லை. அமெரிக்கக் காம்பவுண்ட் வில், கப்பி வைத்தது. பழைய ஆட்டம், புது வில். யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. 1984ல் பூட்டான் முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனபோது அனுப்பியது வில்லாளிகளை மட்டும்தான்.

மாலை தாஷிச்சோ ஜோங். ஜோங் என்றால் கோட்டை, கோயில், அரசு அலுவலகம் மூன்றும் சேர்ந்த ஒரே கட்டடம். அலுவலகம் முடிந்த பிறகுதான் வெளியாட்களை விடுவார்கள். உள்ளே நுழையும்முன் பையன் ஒரு வெள்ளை நீளத் துண்டைத் தோளில் குறுக்காகச் சுற்றினான். இதற்கு கப்னே என்று பெயர், இது இல்லாமல் பூட்டான்காரர் ஜோங்குக்குள் போக முடியாது. சாதாரணக் குடிமக்களுக்கு வெள்ளை. எம்.பி.க்களுக்கு நீலம், அமைச்சர்களுக்கு ஆரஞ்சு. மஞ்சள் இரண்டே பேருக்கு: அரசருக்கும், தலைமை மடாதிபதியான ஜே கென்போவுக்கும்.

அப்போதுதான் கொடி எனக்குத் தலையில் ஏறியது. மேலே கம்பத்தை ஒட்டி மஞ்சள், அது அரசரின் அதிகாரம். கீழே ஆரஞ்சு, பௌத்த நெறி. இரண்டும் சரிபாதி. குறுக்குக்கோட்டின் மேல் கிடக்கிற டிராகன் எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டையும் பிடித்திருக்கிறது. வெள்ளை நிறம் தூய்மைக்கு. பல மொழி பேசும் மக்களின் விசுவாசத்துக்கும். நகத்தில் இருக்கும் உருண்டைகள் ரத்தினங்கள், நாட்டின் செல்வம். நாங்கள் அதைக் கோலிக்குண்டு என்று சொல்லிக்கொண்டு அடித்தோம்.

1949ல் முதல் கொடி தைத்தபோது அது சதுரம், டிராகன் பச்சை. அப்புறம் டிராகன் வெள்ளையானது. இந்தியக் கொடி நீளமாக இருப்பதால் நன்றாகப் பறக்கிறது, தங்களுடையது பறக்கமாட்டேன் என்கிறது என்று பார்த்து, அறுபதுகளின் கடைசியில் நம் கொடியின் அளவுக்கே, இரண்டுக்கு மூன்றாக மாற்றினார்கள். சிவப்பாக இருந்த பாதி ஆரஞ்சானது. துணி எப்படி விழுகிறது என்று பார்த்து ஒரு நாடு தன் கொடியை மாற்றியது என்றால், தொழில்காரனுக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன?

சாயங்காலம் கொடியை இறக்குவதைப் பார்த்தோம். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். டிராகனின் முகம் கம்பத்துக்கு வெளியே, காற்றைப் பார்த்து இருந்தது.

நாள் 4, புனாக்கா

தோச்சுலா கணவாய், 3100 மீட்டருக்குப் பக்கம். 108 ஸ்தூபிகள். அசாம் தீவிரவாதிகளின் முகாம்களைப் பூட்டான் மண்ணிலிருந்து அகற்ற 2003 டிசம்பரில் நடந்த ராணுவ நடவடிக்கையில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டியவை. டீக்கடைக் காலண்டரில் தேசிய மலரைப் பார்த்தேன்: நீல பாப்பி. நம் கசகசாச் செடியின் குடும்பம். உயரமான மலைச்சரிவில் மழைக்காலத்தை ஒட்டிப் பூப்பது, நாங்கள் வந்தது அக்டோபர் கடைசியில். காலண்டரோடு சரி.

இறங்கும் வழியில் சிமி லாக்காங். தாக்கினைச் செய்த அதே ட்ருக்பா குன்லேயின் பேரில் இருக்கும் கோயில், குழந்தை வேண்டி வருகிறார்கள். சுற்றி இருக்கும் வீட்டுச் சுவர்களில் பெரிது பெரிதாக ஆண்குறி ஓவியம், கண்ணேறு கழிய. நம் ஊரில் பூசணிக்காய் கட்டுகிற இடத்தில். இது தேசியச் சின்னப் பட்டியலில் இல்லை என்று பையன் அழுத்திச் சொன்னான். என் மனைவி கோயில் வரும்வரை வயலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

புனாக்கா ஜோங், போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் 1637-38ல் கட்டியது. ஆண் ஆறு, பெண் ஆறு. பவானி கூடுதுறையை நினைத்துக்கொண்டேன். கட்டியவர் ஷப்துருங் நவாங் நம்க்யால், திபெத்திலிருந்து 1616ல் வந்து இந்த நாட்டை ஒன்றாக்கியவர். அவருக்கு வழிகாட்டி வந்தது மகாகாளனின் காக்கைமுக உருவம் என்பது நம்பிக்கை. அதனால் அண்டங்காக்கை தேசியப் பறவை. அதைக் கொல்வது ஒரு காலத்தில் கொலைக்குச் சமமான குற்றமாம்.

நாள் 1ல் சொன்ன தலைக்கவசம் இங்கேதான் வருகிறது. துவார் போரில் பூட்டான் படையை நடத்திய ஜிக்மே நம்க்யால் தலையில் வைத்திருந்தது காக்கைத்தலை பொருத்திய கவசம். அவர் மகன் உக்யென் வாங்சுக் 1907 டிசம்பர் 17 அன்று இதே புனாக்கா ஜோங்கில் முதல் அரசரானார். இன்றும் அந்த நாள்தான் தேசிய தினம். போர்க்கவசம் பட்டும் பூவேலையுமாக மாறி அரச மகுடமானது. இன்றைய அரசர் படங்களிலும் பார்க்கலாம், நெற்றிக்கு மேலே ஒரு காக்கையின் தலை.

பையன் இதைச் சொல்லி முடித்ததும் என் மனைவி, "நம்மூர்ல அண்டங்காக்கா வீட்டு மேல உக்காந்தா வெரட்டுவாங்க. அம்மாவாசைக்கு மட்டும் கூப்புட்டுச் சோறு வெப்போம்" என்றாள். நான் இந்தியில் பெயர்த்துச் சொன்னேன். அவன் ஒரு நிமிடம் யோசித்து, அப்படியானால் உங்களுக்கும் அது முன்னோர்தான் லா, என்றான்.

நாள் 5, பாரோ

ஊரெல்லாம் கூரைமேல் மிளகாய் காய்கிறது. சிவப்புக் கம்பளம் விரித்தது போல. தேசிய உணவு எமா தட்சி. எமா மிளகாய், தட்சி பாலாடைக்கட்டி, அவ்வளவுதான். மிளகாய் இங்கே காரத்துக்குப் போடுவது கிடையாது, அதுவேதான் காய். நாம் கத்தரிக்காயை வதக்குவது போல மிளகாயைப் போட்டுக் குழம்பாக்கி, சிவப்பரிசிச் சோற்றோடு தருகிறார்கள். ஆந்திராக்காரனையே பார்த்தவன் நான் என்று முதல் வாயை நிறைய எடுத்தேன். மூன்றாவது வாயில் காது அடைத்துக்கொண்டது. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் என் தட்டையும் இழுத்துச் சாப்பிட்டு முடித்தாள்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது, நமக்கும் இவர்களுக்கும். வந்து ஐந்நூறு வருடம் ஆகியிருக்கும், அவ்வளவே. அதற்குள் தேசிய உணவு.

நாள் 6, பாரோ

தக்சாங், புலிக்குகை மடம். ஏறினோம், முட்டி வலிக்கிறது, அற்புதம். எல்லோரும் எழுதிவிட்டார்கள், படமும் போட்டுவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

எனக்கு இன்றைய நாள் காலை ஒன்பது மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. தங்கியிருந்த இடத்துக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் கோவும் கீராவுமாக வரிசையில் நின்று தேசிய கீதம் பாடினார்கள். 1953லிருந்து பாடப்படுவது, நாட்டுப்புற மெட்டில் அமைந்தது. முதல் சொல்லாக "த்ருக்" வந்தது. அது டிராகனும் இடியும் சேர்ந்த சொல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திபெத்தில் ஒரு குரு மடம் அமைக்க இடம் பார்க்கையில் இடி இடிக்க, டிராகனின் குரல் என்று கொண்டு தன் மரபுக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்த மரபு இங்கே வேரூன்றியதால் நாடே த்ருக் யுல். அரசு முத்திரையில் இரண்டு டிராகன்களுக்கு நடுவே குறுக்காக வைத்திருப்பதும் வஜ்ராயுதம். நமக்கு இடி இந்திரன் கையில் இருக்கிறது, இவர்களுக்கு டிராகனின் தொண்டையில்.

அடுத்த சொல் "சென்தேன்". காதில் சந்தனம் என்றே விழுந்தது. கேட்டேன். பையன் பக்கத்திலிருந்த உயரமான மரத்தைக் காட்டினான். சைப்ரஸ், தேசிய மரம். கோயில்களைச் சுற்றி நட்டிருப்பார்கள். சொல் மட்டும் நம் சந்தனம்தான், வடமொழியிலிருந்து திபெத்துக்குப் போய் இங்கே வந்தது. சந்தன மரம் இந்தக் குளிரில் முளைக்காது. வாசனை மரம் என்று எது கிடைத்ததோ அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். சத்தியமங்கலம் காட்டுச் சரக்கின் பெயரைப் பூட்டான் பிள்ளைகள் தினம் காலையில் பாடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு படி இறங்கினேன்.

நாள் 7, ஃபுன்ஷோலிங், மறுபடி ஜெய்காவ்

ஆறு நாளாகப் புகழ்ந்து எழுதிவிட்டேன். ஒன்றை விட்டால் நியாயமில்லை.

இங்கே சின்னங்களைச் சுவரில் மாட்டி வைக்கவில்லை. உடுத்துகிறார்கள், தின்கிறார்கள், எய்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் உடுத்தித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் வந்தால்? 1989ல் வந்தது. உடையும் நடையும் எப்படி இருக்க வேண்டும் என்ற த்ரிக்லாம் நம்சா நெறியை எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். தெற்கே வெக்கையான அடிவாரத்தில் நேபாளி பேசும் இந்துக்கள் தலைமுறையாக இருந்தார்கள். அவர்களும் கம்பளி மாதிரிக் கனக்கும் கோ போட வேண்டும். பள்ளியில் நேபாளி மொழிப்பாடம் நின்றது. 1958க்கு முன் இங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்டு என்று குடியுரிமைக் கணக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. எதிர்ப்பு, அடக்குமுறை, கைது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கு நெருக்கமான மக்கள் நேபாளத்தில் ஜாபா, மோராங் மாவட்டத்து முகாம்களில் கிடந்தார்கள். 2007க்குப் பிறகு பெரும்பாலோர் அமெரிக்கா போன்ற நாடுகளுக்குக் குடியேறிவிட்டார்கள். ஏழு லட்சத்தைச் சுற்றி மக்கள்தொகை உள்ள நாட்டில் ஒரு லட்சம். திரும்பியவர் யாருமில்லை என்றே சொல்லலாம்.

கொடியின் வெள்ளை பல மொழி பேசும் மக்களின் விசுவாசம் என்று நாள் 3ல் எழுதினேன். அந்த வரியை அழிக்கவில்லை, இதையும் சேர்த்து வாசியுங்கள். மொழிக்காக அடிவாங்கிய ஊரிலிருந்து வந்தவனுக்கு இது வெறும் வரலாற்றுக் குறிப்பாகத் தெரியவில்லை. வண்டியில் பையனிடம் கேட்கலாமா என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். அவன் பிறப்பதற்கு முன் நடந்தது. கேட்கவில்லை.

செலவு கேட்டவர்களுக்கு: வரி மட்டும் இரண்டு பேருக்கு ஐந்து இரவு, 12,000 ரூபாய். அங்கே பணம் நுல்ட்ரம், நம் ரூபாய்க்குச் சமம். ஆதாரை நம்பிப் போகாதீர்கள், வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஜெய்காவ் லாட்ஜில் பெட்டி கட்டினோம். பாரோவில் வாங்கிய எஸே என்ற மிளகாய்ச் சட்னி இரண்டு பாட்டில், கண்ணாடி. உடையாமல் இருக்க மனைவி எதையோ சுற்றிக்கொண்டிருந்தாள். பார்த்தால் அந்த டி-ஷர்ட்.

"அதை எடு அம்மிணி."

"ரிஜெக்ட் பீசுதானுங்க?"

"இருக்கட்டும், எடு."

என் துண்டைக் கொடுத்தேன். டி-ஷர்ட்டை மடித்தேன். டிராகன் வெளியே தெரியாமல் உள்பக்கமாக மடித்து, சட்டைகளுக்கு மேலே வைத்தேன்.